டாக்ல இருந்து ஈமேக்ஸ் தொறந்தா பாத் காணாம போகுது

கேள்வி:
வணக்கம் மக்களே, எம்1 மேக்ல ஹோம்ப்ரூ (சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற டூல்) வச்சு ரிப்க்ரெப், பாண்டாக்னு சில கமாண்ட் எல்லாம் போட்டிருக்கேன், டெர்மினல்ல அடிச்சா ஜம்முனு ஓடுது, ஆனா டாக்ல ஐகான க்ளிக் பண்ணி ஈமேக்ஸ் எடிட்டர தொறந்தா அந்த கமாண்டே இல்லைங்குது. டெர்மினல்ல இருந்து ஈமேக்ஸ கெளப்புனா மட்டும் எல்லாம் வருது. பாத்த, அதாவது கமாண்ட எங்கெல்லாம் தேடணும்ங்கிற டைரக்டரி லிஸ்ட, இசட்ஷெல் ஆர்சி ஃபைல்ல எக்ஸ்போர்ட் போட்டு மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. வேற எங்கதான் எழுதணும்?

பதில் 1:
எத்தன ரீஸ்டார்ட் பண்ணாலும் மாறாது ப்ரோ. ஆர்சி ஃபைல படிக்கிறது ஷெல் (டெர்மினல்ல நீங்க அடிக்கிற கமாண்ட ஓட்டுற ப்ரோக்ராம்), டாக்ல க்ளிக் பண்ணா நடுவுல ஷெல்லே வராது, மேக்ல ப்ரோக்ராம ஸ்டார்ட் பண்ற லாஞ்ச்டி நேரா கெளப்பிவிடுது. அது குடுக்குற பாத்ல பின், எஸ்பின், அப்புறம் யூஎஸ்ஆர்குள்ள இருக்குற பின், எஸ்பின், ஆக 4 டைரக்டரிதான். உங்க ரிப்க்ரெப் இருக்குறது ஆப்ட்குள்ள ஹோம்ப்ரூ டைரக்டரில, அப்புறம் எப்படி கெடைக்கும்?

ஈமேக்ஸுக்கு மட்டும்னா எக்ஸெக்-பாத்-ஃப்ரம்-ஷெல் பேக்கேஜ் போடுங்க, அது உங்க ஷெல்ல ஒரு தடவ ஓட்டி பாத் என்னன்னு கேட்டு வாங்கிக்கும். ஈமேக்ஸ்ல ரெண்டு எடத்துல மாத்தணும், பாத் வேரியபிள் ஒண்ணு, எக்ஸெக்-பாத் லிஸ்ட் ஒண்ணு, கையால செய்றவங்க பாதி பேரு ஒண்ண விட்டுட்டு மண்டைய ஒடைச்சுக்குவாங்க. பேக்கேஜ் ரெண்டையும் பாத்துக்கும்.

பதில் 2:
எல்லா ஆப்புக்கும் வேணும்னா சூடோ (அட்மினா ஓட்டுறது) போட்டு லாஞ்ச்சிடிஎல் கான்ஃபிக் யூசர் பாத், பின்னாடி முழு பாத்தையும் குடுத்துட்டு ரீபூட் பண்ணுங்க. கூகுள்ல தேடுனா இடிசில இருக்குற லாஞ்ச்டி கான்ஃப் ஃபைல்ல எழுதுன்னு பழைய பதில் நெறைய வரும், அது மேக்கோட யோசெமிட்டி வெர்ஷன்லயே, அதாவது 2014லயே போயிடுச்சு. பாத்ஸ்.டி ஃபோல்டரும் ஷெல்லுக்குத்தான், டாக்குக்கு இல்ல.

கேள்வி கேட்டவர்:
பேக்கேஜ் போட்டேன், வேலை செய்யுது, நன்றி! ஆனா ஈமேக்ஸ் தொறக்க முன்னைக்கு இப்ப லேட் ஆகுது. அப்புறம் ஆபீஸ்ல டெபியன் லினக்ஸ், அங்கயும் இதே கதையா?

பதில் 1:
லேட்டுக்கு காரணம் உங்க ஆர்சில இருக்குற தீம், ப்ளகின் எல்லாமும் சேந்து ஓடுறதுதான். பாத் லைன இசட்ப்ரொஃபைலுக்கு (லாகின் ஷெல் மட்டும் படிக்கிற ஃபைல்) மாத்திட்டு, பேக்கேஜோட ஆர்க்யுமெண்ட்ஸ்ல இன்டராக்டிவ் ஆப்ஷன எடுத்துருங்க, லாகின் ஆப்ஷன் மட்டும் போதும். இசட்ஷெல் மொதல்ல படிக்கிற இசட்ஷென்வ் ஃபைல்ல போடாதீங்க, அதுக்கப்புறம் மேக்கோட பாத்-ஹெல்பர் வந்து சிஸ்டம் டைரக்டரிய முன்னாடி தூக்கி வச்சு ஆர்டர கலைச்சிடும்.

பதில் 3:
டெபியன்லயும் பாஷ்ஆர்சில (பாஷ் ஷெல்லோட ஆர்சி ஃபைல்) எழுதுனா மெனுல இருந்து தொறக்குற ஆப்புக்கு போகாது. ஹோம்ல ப்ரொஃபைல் ஃபைல்ல எழுதுங்க, இல்லன்னா கான்ஃபிக்குள்ள என்விரான்மென்ட்.டி ஃபோல்டர்ல கான்ஃப்னு முடியிற ஒரு ஃபைல் வைங்க, அத லினக்ஸ்ல சர்வீஸ் எல்லாம் கெளப்புற சிஸ்டம்டி படிக்கும். இடிசி என்விரான்மென்ட் ஃபைல்ல மட்டும் டாலர் பாத்னு பழையதோட ஒட்ட முடியாது, அது ஷெல் ஸ்க்ரிப்ட் இல்ல. எதுல எழுதுனாலும் லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க, டெர்மினல மட்டும் மூடித் தொறந்தா பத்தாது.