புது லேப்டாப்: பேக்கப், ரெக்கவரி வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது?

கேள்வி

விண்டோஸ் 11 ஹோம், 13-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவுக்குப் பின்னால் 'ரெக்கவரி பார்ட்டிஷன்' என்று ஒன்று தெரிகிறது. அது இருக்கும்போது தனியாக ஏதும் செய்ய வேண்டுமா? கையில் 32 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, 1 டி.பி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று. சொந்த ஃபைல் எதையும் இன்னும் ஏற்றவில்லை.

பதில் 1

அந்தப் பார்ட்டிஷன் இருப்பதும் அதே எஸ்.எஸ்.டி.யில்தானே? எஸ்.எஸ்.டி. போனால் அதுவும் சேர்ந்தே போகும். அப்டேட் சொதப்பி விண்டோஸ் ஏறாத நேரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அதற்காக அழித்துவிடாதீர்கள்.

பென் டிரைவைத் தொடுமுன் பிட்லாக்கர் (டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) கீயை எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாகின் செய்து செட்டப் முடித்திருந்தால், உங்களைக் கேட்காமலே டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் பார்த்தால் தெரியும். பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ, அதிலுள்ள செக்யூர் பூட் செட்டிங்கை மாற்றினாலோ, மதர்போர்டு மாற்றினாலோ நீலத் திரையில் வந்து 48 இலக்கக் கீயைக் கேட்கும். அப்போது கீ இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களை யாராலும் எடுத்துத் தர முடியாது.

பிரவுசரில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் இந்த லேப்டாப்பின் பிட்லாக்கர் கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீயோடு கீ ஐ.டி.யின் முதல் 8 எழுத்துகளையும் சேர்த்துத் தாளில் எழுதுங்கள். நீலத் திரை காட்டுவது அந்த ஐ.டி.யைத்தான். பழைய லேப்டாப்பின் கீயும் அதே பட்டியலில் கிடந்தால் எது எதற்கு என்று குழம்ப வேண்டியதில்லை.

கீ அங்கே இல்லையென்றால், கடைக்காரரோ வீட்டில் வேறு யாரோ தங்கள் அக்கவுண்ட்டைப் போட்டு செட்டப் செய்து கொடுத்திருக்கலாம். கீ அவர்கள் அக்கவுண்ட்டில் உட்கார்ந்திருக்கும். அப்படியானால் என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, உங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்து, மறுபடி ஆன் செய்யுங்கள்.

பதில் 2

அடுத்தது பென் டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தேடித் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கும் டிக்கை எடுக்காமல் விடுங்கள். 16 ஜி.பி.யாவது வேண்டும், உங்கள் 32 தாராளம். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். யூ.எஸ்.பி. 2.0 ஸ்டிக் என்றால் மணிக்கணக்கில் ஓடும், நின்றுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். இதை ஒருமுறை செய்து பெட்டியில் போட்டால் போதாது. வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக உருவாக்கச் சொல்வது மைக்ரோசாஃப்ட்டே. ஹெச்.பி., டெல், லெனோவோ என்றால் ஃபேக்டரி இமேஜை (லேப்டாப்போடு வந்த விண்டோஸின் நகல்) பிறகும் அவர்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வழி உண்டு.

பலரும் இடறுவது டிரைவரில் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்). எஸ்.எஸ்.டி. மாற்றி, சாதாரண இன்ஸ்டால் ஸ்டிக்கால் விண்டோஸ் ஏற்றப் போனால், 11-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப் பலவற்றில் டிஸ்க்கே காட்டாது. வி.எம்.டி. (இன்டெலின் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் வசதி) ஆன் ஆகியிருக்கும், அதற்கான ஸ்டோரேஜ் டிரைவர் ஸ்டிக்கில் இருக்காது. டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டி சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. அதைத் தாண்டினாலும் வைஃபை டிரைவர் இல்லாமல் 'நெட்வொர்க்கில் இணையுங்கள்' திரையில் மாட்டுவீர்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். ஹார்ட் டிஸ்க்கில் 'டிரைவர்ஸ்' என்று ஒரு ஃபோல்டரை முதலில் உருவாக்குங்கள், இல்லாத ஃபோல்டரைக் கொடுத்தால் எரர் வரும். அட்மினாகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பி.என்.பி.யூடில் (pnputil) கமாண்டை எக்ஸ்போர்ட்-டிரைவர் (/export-driver) ஸ்விட்ச்சோடு, எல்லா டிரைவருக்கும் நட்சத்திரக் குறி (*) போட்டு, கடைசியில் அந்த ஃபோல்டரைக் கொடுத்து ஓட்டுங்கள். பிறகு தேவைப்படும் நாளில் இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கொடுத்து 'ஐ.ஏ.ஸ்டோர்' (iaStor) என்று ஆரம்பிக்கும் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். தயாரிப்பாளர் தளத்தில் கிடைக்கும் .இ.எக்ஸ்.இ. அங்கே உதவாது, ஐ.என்.எஃப். ஃபைல்தான் வேண்டும். விண்டோஸ் லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், அதன் கீ பயாஸுக்குள்ளேயே இருக்கிறது.

கேட்டவர்

நன்றி. கீ என் அக்கவுண்ட்டிலேயே இருந்தது, எழுதிவிட்டேன். இனி குளோன்ஜில்லா மென்பொருளில் முழு டிஸ்க்கையும் இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து 1 டி.பி.யில் வைத்தால் சரியா?

பதில் 3

குளோன்ஜில்லா நல்ல சரக்குதான், இங்கே ஒத்துவராது. பிட்லாக்கர் போட்ட பார்ட்டிஷனுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து அதற்குத் தெரியாது. காலி இடம் உட்பட ஒவ்வொரு செக்டாரையும் அள்ளும். என்கிரிப்ட் ஆன டேட்டா கம்ப்ரஸும் ஆகாது. 40 ஜி.பி. சரக்குக்கு 500 ஜி.பி. வரைகூட இமேஜ் ஆகலாம்!

விண்டோஸுக்குள்ளிருந்தே எடுக்கும் மென்பொருளாகப் பாருங்கள். மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள், வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு இருக்கிறது. 'என்டயர் கம்ப்யூட்டர்' தேர்ந்தெடுத்தால் நிரம்பிய இடத்தை மட்டும் சுருக்கி எடுக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் ஓடும்போது டிரைவ் திறந்தே இருக்கிறது, அதனால் அந்த பேக்கப் என்கிரிப்ட் ஆகாமல்தான் ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும். மென்பொருளிலேயே பாஸ்வேர்ட் போடுங்கள். அந்த பேக்கப்பைத் திரும்ப ஏற்ற உதவும் அதன் ரெக்கவரி மீடியாவுக்கு இன்னொரு பென் டிரைவ் வாங்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். சொருகியே கிடந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அதையும் சேர்த்துப் பூட்டும். ஒன்டிரைவ் இருக்கிறதே என்று இருந்துவிடவும் வேண்டாம். இலவசம் 5 ஜி.பி.தான். தவிர, லேப்டாப்பில் ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும், ரீசைக்கிள் பின்னில் 30 நாள் தவணை. அது சிங்க், பேக்கப் அல்ல.

பதில் 4

யாரும் சோதிக்கச் சொல்லவில்லையே! ரெக்கவரி ஸ்டிக்கைச் சொருகி இன்றைக்கே பூட் செய்து பாருங்கள். பூட் மெனு டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அதை எனேபிள் செய்தால்தான் வேலை செய்யும்.

டிரபிள்ஷூட் வழியாகக் கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குப் போங்கள். பிட்லாக்கர் கீ கேட்கும். ஸ்கிப் செய்யாமல் தாளைப் பார்த்து 48 இலக்கத்தையும் அடியுங்கள். 3-ஐ 8 என்று எழுதியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும். உள்ளே போனதும் 'நோட்பேட்' என்று டைப் செய்து, ஃபைல், ஓப்பன் கொடுத்து, 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். உங்கள் டிரைவ் தெரியும். லெட்டர் சி-யாக இல்லாமல் போகலாம், பதற வேண்டாம். விண்டோஸ் ஏறாத நாளிலும் இதே சின்ன ஜன்னலில் ஃபைலைக் காப்பி செய்து ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்துகொள்ளலாம்.

'ரீசெட்', 'ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்' இரண்டையும் சோதனைக்குக்கூட அமுக்காதீர்கள். கீ எழுதிய தாளை லேப்டாப் பையில் வைக்க வேண்டாம்.