பழைய ரெக்கார்டு பிளேயரைச் சரிசெய்பவர் பெங்களூரில் இருக்கிறாரா?

வணக்கம் நண்பர்களே. நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். அப்பாவின் பிறந்தநாளுக்கு, பிங்க் ஃபிளாய்ட் ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரின் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ இசைத்தட்டை வாங்கினேன். 2015க்குப் பிறகு அவர் தனியாகச் செய்த முதல் ஸ்டூடியோ ஆல்பம் இது, 2024 செப்டம்பரில் வெளிவந்தது. தலைப்புப் பாடலில், அதே குழுவில் இருந்த ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு ஒலிக்கிறது. 2007இல் கில்மோர் வீட்டுக் களஞ்சியத்தில் இருவரும் வாசித்தபோது பதிவானது அது. அடுத்த ஆண்டே ரைட் காலமாகிவிட்டார். இதைச் சொன்னதிலிருந்து அப்பா அந்த உறையைக் கீழே வைக்கவே இல்லை.

ஆனால் எங்கள் பிளேயரில் தட்டு தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, குரல் இழுபடுகிறது. திறந்து பார்த்தால், ரப்பர் பெல்ட் இளகித் தார்போல விரலில் ஒட்டுகிறது. ஒரு கடையில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு, பெல்ட் கிடைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கைபேசியில் கேளுங்கள் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை; முதல் தடவை தட்டில்தான் கேட்பாராம். அவருக்கு 74 வயது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

எஸ்.பி. ரோடு, சிவாஜிநகர் பக்கம் நம்பிக்கையான மெக்கானிக் யாரையாவது தெரியுமா? பெல்ட்டும் ஊசியும் எங்கே கிடைக்கும்? நல்ல பிளேயர் வைத்திருப்பவர்கள், ஒரு ஞாயிறு மாலை அப்பாவை அழைத்துவர அனுமதித்தாலும் பெரிய உதவி. தட்டை நாங்களே கொண்டுவருகிறோம்.