பழைய நெட்வொர்க்கை அணைப்பது சரியா? நன்றாக ஓடும் போனைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

கீபேட்பிரியை:
"பழைய போனை விடாமல் வைத்திருப்பவர்களால்தான் 2ஜி, 3ஜியை மூட முடியவில்லை, புதிய நெட்வொர்க்குக்கு இடம் கிடைக்கவில்லை" என்று டவர்வாசி நேற்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. போன் முதலில் பேசுவதற்கு. என் பட்டன் போன் அதைக் குறையில்லாமல் செய்கிறது. பார்வை மங்கியவர்கள் விரலால் தடவியே எண்ணை அழுத்துகிறார்கள். 5 என்ற பொத்தானில் இருக்கும் சின்னப் புடைப்பு அதற்காகத்தான் வைத்தது. எந்தப் பழுதும் இல்லாத அந்தக் கருவியை, கம்பெனி ஒரு சுவிட்சை அணைத்துவிட்டது என்பதற்காகக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம்? 2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனது அதில் கால்பங்குகூட இல்லை.

டவர்வாசி:
அக்கா, எனக்கு உங்கள் போன் மேல் கோபமில்லை. அலைக்கற்றை நாம் உண்டாக்குகிற பொருள் இல்லை, இருப்பது இவ்வளவுதான். ஒரு 3ஜி கேரியருக்கு, அதாவது ஒரு அலைவழிக்கு, 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்க வேண்டும். பத்துப் பேர் பேசினாலும் சரி, யாருமே பேசாவிட்டாலும் சரி, அந்த இடம் அடைபட்டதுதான். அதையே 4ஜிக்குக் கொடுத்தால் இன்னும் நிறையப் பேருக்குப் பயன்படும். அதிலும் 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த அலைவரிசைகள் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும், தூரமும் போகும். பழைய நெட்வொர்க்குகள் உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

பாதுகாப்பையும் பாருங்கள். 2ஜியில் போன்தான் தன்னை நிரூபிக்கிறது, டவர் தன்னை நிரூபிப்பதில்லை. அதனால்தான் போலி டவரை வைத்துக்கொண்டு வங்கி அனுப்பியது போலவே மெசேஜ் தள்ள முடிகிறது. ஆண்ட்ராய்டு 12இல் 2ஜியை அணைக்கும் வசதியைக் கொண்டுவந்தது சும்மா இல்லை.

சால்டரிங்கை:
நீங்கள் இரண்டு பேரும் 2ஜி பட்டன் போனையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நெட்வொர்க்கை மூடியதும் ஆட்களை உண்மையில் திகைக்க வைப்பது 4ஜி போன். ரிப்பேர் மேசையில் உட்கார்ந்து பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன்.

4ஜியில் குரலுக்கென்று தனிப் பாதை கிடையாது, எல்லாமே டேட்டா. குரலையும் டேட்டாவாக அனுப்பும் முறைதான் வோல்ட்டி. அது இல்லாத 4ஜி போன், கால் வரும்போது மட்டும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். பழைய ஸ்மார்ட்போனில் எண்ணை அழுத்திவிட்டுத் திரையின் மேல் மூலையைக் கவனியுங்கள்: 4ஜி என்ற எழுத்து மறையும், 3ஜி என்றோ 'ஹெச்' என்றோ மாறும், அப்புறம்தான் மணி அடிக்கும். இறங்க இடமே இல்லாமல் போனால்? சிக்னல் கோடு முழுசாக நிற்கும், வீடியோ ஓடும், கால் மட்டும் உடனே கட் ஆகும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத்தான் என்னிடம் வருகிறார்கள்.

இதில் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பல போன்களில் வோல்ட்டிக்கு வேண்டிய சிப் உள்ளேயே இருக்கிறது. நெட்வொர்க் கம்பெனி அனுமதித்த போன்களின் பட்டியலில் அந்த மாடல் இல்லை, அல்லது போன் கம்பெனி அந்த நெட்வொர்க்குக்கான செட்டிங்கைத் தரவில்லை, அவ்வளவுதான். வேறு நாட்டில் வாங்கிய போனில் வோல்ட்டி என்ற வரியே செட்டிங்ஸில் தெரியாது. கருவி தயார், அனுமதி இல்லை. குப்பைக்குப் போக இது ஒரு காரணமா?

டவர்வாசி:
அண்ணா, பட்டியல் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் என்ற இரண்டு நெட்வொர்க் கம்பெனிகளும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜியை மூடத் தொடங்கின. சில போன்கள் சாதாரண காலை 4ஜியில் பேசும், அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் 3ஜிக்கு ஓடும். உள்ளே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். நெஞ்சு வலி வந்தவர் 000 அழுத்தினால் என்ன ஆகும்? அதனால்தான் அவசர அழைப்பு செய்ய முடியாத போனுக்கு இணைப்பே தரக்கூடாது என்று அங்கே விதி வந்தது. சோதிக்காத போனை உள்ளே விட்டுவிட்டு யார் பொறுப்பு ஏற்பது?

கீபேட்பிரியை:
பொறுப்பை எடுத்துச் சொன்னதற்கு நன்றி, தம்பி. ஆனால் வாங்கும்போது இதை யார் சொன்னார்கள்? அமெரிக்காவில் ஏடி அண்ட் டி கம்பெனி தன் 2ஜியை 2017 தொடக்கத்தோடு அணைத்துவிட்டது. நோக்கியா 3310 புது வடிவில் வந்ததும் அதே 2017இல்தான். முதலில் வந்த மாடல் 2ஜி மட்டும்! இந்த போன் எந்த நெட்வொர்க்கை நம்பி ஓடுகிறது, அது எதுவரை இருக்கும் என்று பெட்டியின் மேல் அச்சிட வேண்டாமா? மருந்துக்குக் காலாவதித் தேதி போடச் சொல்கிறோம் இல்லையா?

இன்னொன்று. பல ஐரோப்பிய நாடுகளில் புதிய 3ஜியை முதலில் மூடிவிட்டு, அதைவிடப் பழைய 2ஜியை விட்டுவைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 3ஜி 2021இலேயே போய்விட்டது, பிரிட்டனில் 2ஜிக்கு 2033 வரை நேரம். ஏன்? மின்மீட்டர், லிஃப்ட் அலாரம், விபத்து நடந்தால் கார் தானாகவே உதவிக்கு அழைக்கும் ஈகால் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. இயந்திரத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு மனுஷருக்காகக் காத்திருக்க முடியாதா?

டவர்வாசி:
பெட்டியில் அச்சிட வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். காத்திருப்பதில் இல்லை. 2ஜியை விட்டுவைக்கும் ஒவ்வொரு வருஷமும் போலி மெசேஜில் பணத்தைப் பறிகொடுப்பவர்களும் மனுஷர்தான். பட்டன் போனே வேண்டும் என்றால் 4ஜியில் பேசும் பட்டன் போன் வந்துவிட்டது.

வழிப்போக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் 3ஜியை நிறுத்தப்போவதாக மெசேஜ் வந்திருக்கிறது, 2ஜி ஏற்கெனவே இல்லை. என் போனும் அம்மா போனும் தப்புமா என்று எப்படிப் பார்ப்பது?

சால்டரிங்கை:
முதலில் சாஃப்ட்வேர் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். வோல்ட்டி பல மாடல்களுக்கு அப்டேட்டில்தான் வந்தது. பிறகு மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் வோல்ட்டி என்ற வரி இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். 'எல்டிஇ மட்டும்' (எல்டிஇ என்றால் 4ஜிதான்) என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. வைஃபையை அணைத்துவிட்டு, 'எல்டிஇ மட்டும்' போட்டுத் தெரிந்தவர் யாருக்காவது கால் செய்யுங்கள். மணி அடித்துப் பேச முடிந்தால் வோல்ட்டி வேலை செய்கிறது. சோதிக்கிறேன் என்று அவசர எண்ணுக்கு மட்டும் அடிக்காதீர்கள், அந்த நேரத்தில் உண்மையில் தவிப்பவருக்கு லைன் கிடைக்காது. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனின் அடையாள எண், வரும். அதைக் கம்பெனியிடம் கொடுத்து, அவசர அழைப்பும் போகுமா என்று கேளுங்கள். சிம் ரொம்பப் பழசாக இருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். போன் மேல் பழி போட்ட பல கேஸில் குற்றவாளி சிம்தான்.

வழிப்போக்கன்:
என்னுடையதில் மணி அடித்தது. அம்மா போனில் வோல்ட்டி என்ற வரியே இல்லை, 'எல்டிஇ மட்டும்' போட்டால் கால் போகவில்லை. ஆனால் அவருக்கு அந்த போன் கைக்குப் பழகிவிட்டது, புதுசு வேண்டாம் என்கிறார்.

கீபேட்பிரியை:
பாருங்கள் டவர்வாசி, நான் சொன்னது இவரைத்தான்.

சால்டரிங்கை:
தம்பி, அப்டேட் போட்டாயா? சிம் எப்போது வாங்கியது? மாடல் எண்ணையும் எழுது. வைஃபை வழியாகவே பேசும் 'வைஃபை காலிங்' அதில் இருந்தால் வீட்டுக்குள் சமாளிக்கலாம். ஆனால் அம்மா வெளியே தனியாகப் போகிறவர் என்றால், அவசரத்துக்குக் கட்டாயம் பேசக்கூடிய இன்னொரு போன் இன்றைக்கே கையில் இருக்க வேண்டும். பழையதை அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

டவர்வாசி:
எந்த நெட்வொர்க் என்று சொல்லுங்கள். அவர்களுடைய பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று நான் தேடித் தருகிறேன்.