ஸ்பானிஷ்: ‘மே குஸ்தா’ எப்போது ‘மே குஸ்தான்’ ஆகும்?

கேள்வி:
ஸ்பானிஷ் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன். ‘மே குஸ்தா எல் லிப்ரோ’ என்றால் எனக்குப் புத்தகம் பிடிக்கும். புத்தகங்கள் என்றதும் ‘குஸ்தான்’ ஆகிறதே, ஏன்? ‘இரு’ என்ற பொருளில் வரும் ‘ஸெர்’, ‘எஸ்தார்’ இரண்டு வினைகளுக்கும் என்ன வித்தியாசம்?

பதில் 1:
ஆங்கிலம் வழியாகப் போனால்தான் இது குழப்பும். தமிழிலிருந்து நேரே போங்கள். ‘மே’ என்பது ‘எனக்கு’. எழுவாய் புத்தகம்தான்; அது பன்மையானால் வினையும் பன்மை: ‘மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்’. ‘மே துவேலே லா கபேஸா’வும் அப்படியே, எனக்குத் தலை வலிக்கிறது. ‘யோ’ (நான்) போட்டு ஆரம்பித்தால் வாக்கியமே கெட்டுவிடும்.

பதில் 2:
‘ஸெர் நிரந்தரம், எஸ்தார் தற்காலிகம்’ என்ற சூத்திரத்தை விட்டுவிடுங்கள். இறந்துவிட்டார் என்பதற்கே ‘எஸ்தா முவெர்தோ’தான். ‘நான் ஆசிரியர்’ என்று தமிழில் வினையே இல்லாமல் சொல்கிற இடத்தில் பெரும்பாலும் ஸெர் வரும்: ‘ஸோய் ப்ரொஃபெஸோர்’. ‘வீட்டில் இருக்கிறேன்’ போன்ற இடத்தில் எஸ்தார்: ‘எஸ்தோய் என் காஸா’. மாற்றினால் பொருளே மாறும். ‘எஸ்தோய் அபுர்ரிதோ’ என்றால் எனக்குப் போரடிக்கிறது. ‘ஸோய் அபுர்ரிதோ’ என்றால் நானே போரான ஆள்.

பதில் 3:
உச்சரிப்பையும் இப்போதே சரிசெய்யுங்கள். ‘டோடோ’ அல்ல, ‘தோதோ’ (எல்லாம்). நாக்கு பல்லைத் தொடணும். ‘பெரோ’ (ஆனால்) சொல்ல ‘மரம்’ என்பதில் வரும் ரகரம் போதும், ஒரே தட்டு. ‘பெர்ரோ’ (நாய்) என்றால் நாக்கு நுனி இரண்டு மூன்று முறை அதிரணும். பெயர்ச்சொல்லை ‘எல்’ (ஆண்பால்), ‘லா’ (பெண்பால்) சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்: ‘லா மானோ’ (கை), ‘எல் தியா’ (நாள்). இவற்றில் கடைசி எழுத்தைப் பார்த்துப் பால் ஊகித்தால் தப்பாகும்.