பெரியப்பாவுக்கு வந்த 640 ரூபாய் காபி

குழு: தாத்தா வீடு
ஞாயிற்றுக்கிழமை

6.05 பெரியப்பா: கார்த்தி, நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய காபி நேற்று வந்தது. இன்று காலை போட்டுக் குடித்தோம்.

6.05 பெரியப்பா: புளிக்கிறது.

6.06 பெரியம்மா: குரல் பதிவு (0.52)

6.11 அப்பா: கெட்டுப்போன கொட்டையோ அண்ணா?

6.12 பெரியப்பா: பையில் இருப்பதைப் படித்தேன். ஆரஞ்சுத் தோல், பலாப்பழம், வெல்லம் என்று போட்டிருக்கிறது. காபியில் பலாப்பழத்தை எதற்குக் கலக்கிறார்கள்? கலப்படத்தைத் தைரியமாக அச்சடித்து விற்கிறார்கள்.

6.13 நித்யா அக்கா: அப்பா, அது கலந்த பொருள் இல்லை. குடிக்கும்போது அந்த வாசனையெல்லாம் தெரியும் என்று சொல்கிறார்கள்.

6.14 பெரியப்பா: எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பால்தான் கெட்டுவிட்டதோ என்று பால்காரருக்குப் போன் செய்து திட்டிவிட்டேன். இப்போது அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

6.20 நித்யா அக்கா: அம்மாவின் குரல் பதிவைக் கேட்காதவர்களுக்கு: வந்தது பொடி இல்லை, முழுக்கொட்டை. வீட்டில் இருப்பது மிக்சி. நேற்று அதே ஜாரில் சாம்பார்ப் பொடி அரைத்தது, கழுவிவிட்டுத்தான் அரைத்தாராம். பாதி மாவு, பாதி குருணை. டிகாஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. இறங்கியதும் டீ நிறத்தில்.

6.48 நான்: இப்போதுதான் எழுந்தேன். தவறு என்னுடையது பெரியப்பா. அது லைட் ரோஸ்ட், பால் விடாமல் குடிப்பதற்கான வறுவல். ஆர்டர் போடும்போது காபியை எதில் போடுவீர்கள் என்று கடையின் தளம் கேட்டது. முழுக்கொட்டை என்றால் மணம் போகாது என்று அதை அழுத்திவிட்டேன். உங்கள் வீட்டில் அரைக்கும் மிஷின் இல்லாததை யோசிக்கவில்லை.

6.50 பெரியப்பா: என்ன விலை?

6.50 நான்: பரிசுக்கு விலை கேட்கலாமா பெரியப்பா?

6.51 நித்யா அக்கா: பையின் அடியில் ஒட்டியிருக்கிறது. 250 கிராம் 640 ரூபாய்.

6.51 நான்: அக்கா!!

6.53 பெரியப்பா: கிலோ 2560.

6.54 பெரியப்பா: மாம்பலத்தில் நான் வாங்குவது இதில் பாதிகூட இல்லை. கண் முன்னால் அரைத்துக் கொடுப்பார். வீடு வந்து சேரும்வரை பொட்டலம் கையில் சுடும்.

7.15 ஏற்காடு மாமா: வணக்கம் மச்சான். எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். விலைக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா என்ற காபி வகை ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. என் சர்வீசில் அப்படி ஒரு விலையைப் பார்த்ததே இல்லை. பிரேசிலில் வறட்சி. வியட்நாமில் மழை பொய்த்து அதற்கு முன்பே ரோபஸ்டா என்ற இன்னொரு வகையும் ஏறியிருந்தது. அங்கே வானம் பொய்த்தால் மாம்பலத்தில் பொடி விலை ஏறும்.

7.17 ஏற்காடு மாமா: அப்புறம் எடைக் கணக்கு. சுமார் ஆறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக் கொட்டை. அதை வறுத்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். கார்த்தி அனுப்பிய மாதிரிச் சரக்கு என்றால் பழுத்ததை மட்டும் பொறுக்கிப் பறிக்க வேண்டும். ஒரே செடிக்கு மூன்று, நான்கு தடவை ஆள் போக வேண்டும். கூலி அங்கேதான் ஏறுகிறது.

7.18 அத்தை: காபிப் பேச்சு ஆரம்பித்தால் இவர் மதியச் சாப்பாடு வரை நிறுத்தமாட்டார். இப்போதே சொல்லிவிட்டேன்.

7.20 பெரியப்பா: சொல்லட்டும். மாப்பிள்ளை, பையில் "செலக்ஷன் 795, நேச்சுரல்" என்று இருக்கிறதே, அது என்ன?

7.26 ஏற்காடு மாமா: 795 ரகத்தின் பெயர். சிக்மகளூர் மாவட்டம் பாலேஹொன்னூரில் காபி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, 1925-இல் தொடங்கியது. 1940-களில் அங்கிருந்து வந்த செடி இது. இலைத் துரு நோயைத் தாங்கும் என்று கொடுத்தார்கள். நேச்சுரல் என்றால் பழத்தைத் தோலோடு களத்தில் காயவைப்பது. எங்கள் கணக்கில் அதற்கு "செர்ரி" என்று பெயர். தோலை உரித்து, வழுவழுப்புப் போகக் கழுவிக் காயவைத்தால் "பிளான்டேஷன்". நீங்கள் கடையில் பிளான்டேஷன் ஏ கேட்கிறீர்களே, அது கழுவிய அரபிகா. ஏ என்பது சல்லடையில் சலித்துப் பிரித்த கொட்டையின் அளவு.

7.28 பெரியப்பா: நாற்பது வருடமாக வாங்குகிறேன். பிளான்டேஷன் ஏ என்றால் ஏதோ ஒரு பெரிய தோட்டத்தின் பெயர் என்று நினைத்திருந்தேன்.

7.29 அப்பா: நானும்தான்.

7.30 நித்யா அக்கா: பீபெரி?

7.33 ஏற்காடு மாமா: ஒரு பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டை இருக்கும், ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற பக்கம் தட்டை. சில பழத்தில் ஒன்றுதான் விளையும். அது பட்டாணி மாதிரி உருண்டையாக இருக்கும், அதைத் தனியே பிரித்துவிடுவோம். டிரம்மில் உருண்டு சீராக வறுபடும் என்பார்கள். மெட்ராஸ் கடைகளில் அதற்குத் தனி மவுசு.

7.40 நான்: பெரியப்பா, ஒரு கேள்வி. மாம்பலம் கடையில் எந்தத் தோட்டம், என்றைக்கு வறுத்தது என்று கேட்டிருக்கிறீர்களா?

7.41 பெரியப்பா: கடைக்காரரையே தெரியும், தோட்டம் எதற்கு? தேதியும் எதற்கு? அதுதான் கையில் சுடுகிறதே.

7.42 நான்: அது அரைத்த சூடு பெரியப்பா. வறுத்த சூடு இல்லை. ஒரு மாதம் முன்னால் வறுத்த கொட்டையை அரைத்தாலும் பொட்டலம் சுடும்.

7.49 அப்பா: அண்ணா ஏழு நிமிடமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்.

7.50 பெரியப்பா: அடுத்த முறை கேட்கிறேன்.

7.58 ஏற்காடு மாமா: தோட்டத்தின் பெயர் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். 84-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களால் நேராக வெளியே விற்க முடியாது. விளைந்ததையெல்லாம் அரசாங்கத்தின் காபி போர்டின் பொதுத் தொகுப்புக்கு அனுப்ப வேண்டும். 1942-ஆம் வருடச் சட்டம். யுத்தத்தில் ஏற்றுமதி அடைபட்டபோது தோட்டக்காரர்களைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு, யுத்தம் முடிந்து ஐம்பது வருடம் ஆகும்வரை போகவில்லை. தரம் பார்த்துப் பணம் வரும். ஆனால் எங்கள் தோட்டத்துப் பெயர் லாரி ஏறும்போதே போய்விடும். பிறகு அது வெறும் பிளான்டேஷன் ஏ. 90-களில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி 1996-இல் முழுதாக விட்டார்கள். நேற்று நித்யா போட்ட படத்தில் எனக்கு விலை கண்ணில் படவில்லை. பையின் மேலே தோட்டத்தின் பெயர் இருந்ததைத்தான் பார்த்தேன்.

8.01 அத்தை: என்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

8.02 ஏற்காடு மாமா: நீ கேட்டதில்லையே.

8.10 நான்: இங்கே இப்போது பெயர் மட்டும்தான் பேச்சு மாமா. இந்திராநகரில் நடந்தால் தெருவுக்குத் தெரு வறுக்கிற வாசனை. புளூ டோக்காய் என்ற காபி நிறுவனம் 2013-இல் டெல்லியில் தொடங்கியது, காபிச் செடியே இல்லாத ஊர். ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்குப் பழங்குடி விவசாயிகளின் காபிக்கு முதலில் பாரிசில் கடை திறந்தார்கள், 2017-இல். இந்திராநகருக்கு 2021-இல்தான் வந்தது. சுவைத்துப் பார்த்து நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது கொடுத்த கொட்டையைத்தான் ஸ்பெஷாலிட்டி என்பார்கள்.

8.12 பெரியப்பா: மதிப்பெண் போடுவது யார்?

8.14 நான்: அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள். பல கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புவார்கள். இங்கே காபி போர்டிலேயே காபியின் தரம் பார்க்கப் பயிற்சி நடத்துகிறார்கள்.

8.15 பெரியப்பா: நான் உறிஞ்சிக் குடித்தால் உன் பெரியம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அங்கே அதற்குச் சான்றிதழா?

8.17 நித்யா அக்கா: சரி, புளிப்புக்கு வா. ஏன் புளித்தது?

8.22 நான்: டிரம்மில் சூடு 200 டிகிரியை நெருங்கும்போது கொட்டை பொரி மாதிரி வெடிக்கும். முதல் வெடிப்பு என்பார்கள். அதற்குக் கொஞ்ச நேரத்தில் இறக்கினால் லைட் ரோஸ்ட். பழத்தின் புளிப்பு அப்படியே நிற்கும், கொட்டையும் கெட்டியாக இருக்கும், சாறு லேசில் இறங்காது. இன்னும் விட்டு வறுத்தால் புளிப்பு அடங்கிக் கசப்பு ஏறும். பித்தளை ஃபில்டருக்கும் பாலுக்கும் அந்தக் கசப்பு வேண்டும். இல்லாவிட்டால் பால் விட்டதும் காணாமல் போய்விடும்.

8.24 பெரியம்மா: நான் வேண்டும் என்றால் கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன் இறக்குவேன். இதில் மூன்று கரண்டி போட்டும் கழுநீர்.

8.26 அப்பா: அண்ணா கலப்படம் என்றாரே. நம் வீட்டுப் பொடியில் சிக்கரி எவ்வளவு?

8.26 பெரியப்பா: நம் வீட்டில் பியூர். தாத்தா காலத்திலிருந்து பியூர்.

8.31 பெரியம்மா: இவர் வாங்கி வருவது பியூர். அது மாதத்தில் இருபது நாளைக்குத்தான் வரும். மீதி நாளைக்கு நான் 80க்கு 20 வாங்கி அதே டப்பாவில் போடுகிறேன். ஆறு வருடமாக. இன்றைக்குக் காபி பிரமாதம் என்று இவர் சொல்வதெல்லாம் மாதக் கடைசியில்தான்.

8.31 நித்யா அக்கா: அம்மா 😂😂😂

8.32 அப்பா: அண்ணி, வாழ்க.

8.34 ஏற்காடு மாமா: மச்சான், சிக்கரியைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அது ஒரு கிழங்கு வேர், குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிராகிறது. காஃபீன் இல்லை. கெட்டித்தன்மையும் நிறமும் கொடுக்கும். எவ்வளவு கலந்தது என்று பாக்கெட்டில் போட்டுவிட்டால் தப்பே இல்லை. சட்டப்படி 49 சதவீதம் வரை போகலாம். சொல்லாமல் கலந்தால்தான் கலப்படம்.

8.35 பெரியப்பா: சொல்லாமல் கலந்தவள் என் வீட்டிலேயே இருக்கிறாள்.

8.40 நான்: இங்கே சில புதுக் கடைகளே இப்போது சிக்கரி கலந்த ஃபில்டர் பொடி விற்கிறார்கள். முதலில் மூக்கைச் சுளித்தவர்கள்தான்.

9.05 அத்தை: அம்மா இரும்பு வாணலியில் பச்சைக் கொட்டை வறுத்தது நினைவிருக்கிறதா அண்ணா? புகையில் கண் எரியும். மேஜை ஓரத்தில் திருகிய மிஷினில் அரைக்க நம் இரண்டு பேருக்கும் முறை போடுவார். நீ எப்போதும் ஏமாற்றுவாய்.

9.06 பெரியப்பா: நினைவில்லை.

9.06 அத்தை: எனக்கு இருக்கிறது.

9.20 நான்: பெரியப்பா, மிச்சக் கொட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். கடையில் கொடுத்து ரவை பதத்துக்கு அரைத்து வாங்குங்கள். ஒரு டம்ளருக்கு 15 கிராம். கொதித்து அடங்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றித் துணியில் வடிகட்டுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம்.

9.21 பெரியப்பா: இவ்வளவு வேண்டாம் சொன்ன பிறகு காபி மட்டும் எதற்கு?

மாலை 5.42 பெரியப்பா: கடைக்குப் பையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கடைக்காரர் ஒரு கொட்டையை வாயில் போட்டுக் கடித்தார். "கொட்டை நல்ல கொட்டை, வறுவல்தான் நம் வழக்கத்துக்குப் போதாது" என்றார். இன்னும் கொஞ்சம் வறுத்துக் கொடுங்கள் என்றேன். ஆறிப்போனதைத் திரும்ப வறுத்தால் மணம் செத்துவிடும் என்று மறுத்துவிட்டார். ரவை பதத்தில் அரைத்துக் கொடுத்தார்.

5.45 பெரியப்பா: என்றைக்கு வறுத்தது என்றும் கேட்டேன். நாற்பது வருடத்தில் முதல் தடவை கேட்கிறீர்கள் என்று சிரித்தார். என் பொடி வியாழக்கிழமை வறுத்ததாம். எந்தத் தோட்டம் என்று கேட்டதற்கு, சிக்மகளூர் சரக்கு, வியாபாரியிடம் வருகிறது, அதற்கு மேல் தனக்கே தெரியாது என்றார். உன் பையை வாங்கி அந்தத் தோட்டத்தின் பெயரை இரண்டு தடவை படித்தார்.

5.47 நான்: வெறும் காபி போட்டுப் பார்த்தீர்களா?

5.48 பெரியப்பா: வீட்டுக்கு ஓடி வந்து போட்டுக் குடித்துவிட்டுத் திரும்பக் கடைக்கு வந்தேன். நன்னாரி சர்பத்தைச் சூடு பண்ணிய மாதிரி இருக்கிறது. மோசமில்லை. ஆனால் அதைக் காபி என்று என்னிடம் சொல்லாதே.

5.49 அப்பா: திரும்பக் கடைக்கு எதற்கு அண்ணா?

5.52 பெரியப்பா: பச்சைக் கொட்டை கொண்டு வந்தால் நம் பக்குவத்துக்கு வறுத்துத் தருவாராம். டிரம் அளவுக்குக் குறைந்தது ஐந்து கிலோ வேண்டும் என்கிறார். மாப்பிள்ளை, ஏற்காட்டில் கிடைக்குமா?

5.58 ஏற்காடு மாமா: ஏன் கிடைக்காது? பறிப்பு முடிந்து, காய்ந்து, மில்லுக்குப் போய் வரப் பங்குனி ஆகும். பிளான்டேஷன் ஏ-வா, பீபெரியா?

5.59 பெரியப்பா: பாதிக்குப் பாதி. சாக்கின் மேல் தோட்டத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள்.

6.00 ஏற்காடு மாமா: பெரிய எழுத்தில் எழுதுகிறேன் மச்சான்.

6.04 பெரியம்மா: பங்குனி இருக்கட்டும். இப்போது டப்பா காலி. கடையில்தானே நிற்கிறீர்கள், அரைக் கிலோ வாங்கி வாருங்கள். 80க்கு 20.