தங்கை கல்யாணப் பரிசுப் பட்டியல்: பல கடைகளை ஒன்றாகக் கவனிப்பது எப்படி?

வணக்கம். தை மாதம் சேலத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். அப்புறம் ஏற்காட்டில் குடித்தனம், சின்ன வாடகை வீடு. மொய் வைப்பதைவிடப் பொருளாகவே தர நினைக்கும் சொந்தங்களும் தோழிகளும் "என்ன வேணும், சொல்லு" என்று கேட்கிறார்கள். அந்த அன்பு வீணாகக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

வெள்ளி விளக்கும் கொலுசும் செவ்வாய்ப்பேட்டையில், பாத்திரங்கள் கடைவீதியில், கீசரும் மிக்ஸியும் வேறு கடையில், மீதி ஆன்லைனில். ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். கம்பளி இரண்டு மூன்று வந்தாலும் உபயோகப்படும். ஆனால் கிரைண்டர் இரண்டு வந்தால் வைக்கவே இடமில்லை.

கூகுள் ஷீட் யோசித்தேன். எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுத்தால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடலாம். மற்ற கட்டங்களைப் பூட்டி, 'வாங்கியாச்சு' என்ற பத்தியை மட்டும் திறந்து வைக்கலாம், சரி. யார் எதை வாங்கினார்கள் என்பது தங்கைக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமே? கூகுள் ஃபார்மிலோ ஒருவர் தேர்ந்தெடுத்த பொருள் தானாக மறையாது.

பெரியவர்கள் பலர் நேராகக் கடைக்குத்தான் போவார்கள். பட்டியலின் நகலைக் கடையிலேயே கொடுத்து, விற்றதும் போனில் சொல்லச் சொல்லலாமா? சேலத்தில் யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? கடைக்காரர்கள் ஒத்துக்கொள்கிறார்களா? ஒரே பொருள் இரண்டு வந்துவிட்டால், வாங்கியவரிடம் பில் கேட்டுச் சங்கடப்படுத்தாமல் மாற்ற வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பத்திரிகை அச்சடிப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும்.