லெ ஸெஸி சுற்றுவட்டாரம்: அசல் குகை ஓவியங்கள், கோட்டைகள், ஆற்றுப் பயணம் குறித்து ஆலோசனை வேண்டும்

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளும் மருமகனும் பிரான்சில் போர்தோ நகரில் குடியிருக்கிறார்கள். வரும் மே மாதம் நானும் என் மனைவியும் அவர்களிடம் செல்லவிருக்கிறோம். அப்போது ஒரு வாரம் தங்குவதற்காக, தொர்தோஞ் மாவட்டத்தில் வெஸேர் ஆற்றங்கரையிலுள்ள லெ ஸெஸி என்னும் சிற்றூருக்கு அருகில் மருமகன் ஒரு பழைய பண்ணை வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறார். அவரிடம் கார் இருப்பதால் போக்குவரத்து பற்றிக் கவலையில்லை.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளில் உள்ள செங்காவி ஓவியங்களைக் காட்ட மாணவர்களை அழைத்துச் செல்லும் போதெல்லாம், பிரான்சில் பழங்கால மனிதனின் ஓவியங்கள் நிறைந்த லஸ்கோ குகையைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். இப்போது அந்தக் குகைக்குப் பக்கத்திலேயே தங்கப் போகிறேன் என்றாலும், லஸ்கோவுக்குள் யாரையும் விடுவதில்லை என்றும், பக்கத்தில் கட்டியிருக்கும் நகலை மட்டுமே பார்க்க முடியும் என்றும் மருமகன் சொல்கிறார். பழங்கால மனிதன் தன் கையால் வரைந்த அசல் ஓவியத்தை அந்தப் பகுதியில் வேறு எங்கேனும் நேரில் காண முடியுமா என்பதே என் முதற் கேள்வி. என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் நடப்பார், ஏற்றம் சிரமம். பத்து வயதுப் பேரன் உடன் வருகிறான்; நன்றாக நீந்துவான். கோட்டை, ஆறு, காட்டுப் பாதை என்று அவனுக்கும் ஏதாவது வேண்டும். ஒரு வாரத்துக்குள் எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம் என்று அங்கே சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒதியஞ்சாலை எழுதியது:

வணக்கம் ஐயா. என் தமையனார் பெரிகெ நகரில் இருப்பதால் அந்தப் பள்ளத்தாக்கு எனக்கு நன்கு பழக்கமானது. உங்கள் முதற் கேள்விக்கு விடை, முடியும் என்பதுதான். அதுவும் நீங்கள் தங்கும் ஊரிலேயே முடியும். லெ ஸெஸியின் எல்லையில் உள்ள ஃபோன் த கோம் குகையில் பல வண்ண ஓவியங்களின் அசலை இன்றும் மக்கள் உள்ளே சென்று பார்க்கிறார்கள்.

லஸ்கோவின் நிலை வேறு. 1940 செப்டம்பரில் மோந்திஞாக் ஊர்ச் சிறுவர்கள் கண்டெடுத்த அந்தக் குகையை, 1948-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாள்தோறும் திரண்டு வந்தவர்களின் மூச்சுக் காற்றாலும் ஈரத்தாலும் விளக்கு வெளிச்சத்தாலும் சுவர்களில் பச்சைப் பாசி படர்ந்தது. மேலே சுண்ணப் படிவும் ஏறத் தொடங்கியது. ஆகவே 1963-இல் பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்திரே மல்ரோ அதை மூடச் செய்தார். 1983-இல் முதல் நகலையும் 2016-இல் முழுமையான பெரிய நகலையும் திறந்தார்கள். நகல்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாறையின் மேடு பள்ளங்களைக்கூட அப்படியே எடுத்திருப்பதால், பேரனுக்கு ஓவியங்களின் அளவும் விரைவும் அங்கேதான் நன்றாக விளங்கும்.

இருந்தாலும் ஒரே ஒரு குகைதான் பார்க்க முடியும் என்று வந்தால், நான் ஃபோன் த கோமைத்தான் சொல்வேன். ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த தெனி பெய்ரோனி 1901-இல் அந்த ஓவியங்களை அடையாளம் கண்டார். ஆசிரியரான உங்களுக்கு இது தனி மகிழ்ச்சி தரும். உள்ளே குறுகலான நீண்ட வழி. சிறு குழுவாகத்தான் அழைத்துச் செல்வார்கள். வழிகாட்டி விளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கமாகப் பிடிக்கும்போது, வெறும் பாறைப் புடைப்பாகத் தெரிந்தது காட்டெருதின் தோளாக மாறுவதைப் பார்க்கலாம். வரைந்தவர் பாறையின் வளைவையே உடலாக எடுத்துக்கொண்டு, கால்களையும் கொம்பையும் மட்டும் கோட்டால் சேர்த்திருக்கிறார். ஓரிடத்தில் இரண்டு கலைமான்கள் எதிரெதிரே இருக்கின்றன. கறுப்பு நிறத்தில் உள்ள ஆண்மான் தலையைத் தாழ்த்தி, முன்கால் மடக்கியிருக்கும் பெண்மானின் நெற்றியை நாவால் வருடுகிறது. அந்த நாக்கு தீட்டப்பட்டதன்று, கீறப்பட்டது. ஒளி சரியான கோணத்தில் விழுந்தால்தான் புலப்படும் என்பதால், கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுமையாக நில்லுங்கள்.

லஸ்கோவுக்கு நேர்ந்தது இங்கும் நேரக் கூடாது என்பதற்காக ஒரு நாளைக்குச் சில பத்துப் பேரை மட்டுமே உள்ளே விடுகிறார்கள். எனவே விமானச் சீட்டு எடுத்த கையோடு குகைச் சீட்டையும் முன்பதிவு செய்ய முயலுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே 13 பாகை அளவிலேயே இருக்கும். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அவசியம். சீட்டு கொடுக்கும் இடத்திலிருந்து குகை வாயில் வரை ஏற்றமான பாதையில் நடக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை மருமகள் எழுதியது:

அந்த ஏற்றத்தைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன். என் மாமியாருக்கும் முழங்கால் வலி உண்டு. அவரை நாங்கள் ரூஃபிஞாக் குகைக்கு அழைத்துச் சென்றோம். அதற்குள் சிறிய மின்சார ரயில் ஓடுகிறது. உட்கார்ந்தபடியே ஒரு கிலோமீட்டர் அளவு உள்ளே போய்விடலாம். கடைசியில் சிறிது நேரம் இறங்கி நின்றால் போதும். நகல் எதுவும் இல்லை, எல்லாம் அசல். நூற்றுக்கு மேற்பட்ட மாமத யானைகள் (உரோமம் அடர்ந்த, அழிந்துபோன யானை இனம்) கறுப்புக் கோட்டாலும் கீறலாலும் வரையப்பட்டிருக்கின்றன. வழியில் குகைக் கரடிகள் குளிர்காலத் தூக்கத்துக்காகப் பறித்த குழிகளையும், சுவரில் அவற்றின் நகக் கீறல்களையும் ரயிலை நிறுத்திக் காட்டுவார்கள். உங்கள் பேரன் அந்த இடத்தை விட்டு வர மாட்டான்.

இறங்கி நிற்கும் இடத்தில் தலைக்கு மேலே விதானம் முழுவதும் விலங்குகள். இப்போது நாம் நிமிர்ந்து நிற்பதற்காகத் தரையைத் தோண்டித் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்த காலத்தில் விதானத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே இடைவெளி இருந்ததாம். ஆகவே அந்த மனிதர் மல்லாந்து படுத்தபடி, தாம் வரையும் விலங்கின் முழு உருவத்தை ஒரே பார்வையில் காண முடியாமலேயே வரைந்திருக்க வேண்டும். இதைக் கேட்டதும் என் மாமியார் பேச்சே இல்லாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த விதானத்திலேயே சென்ற நூற்றாண்டுகளில் வந்தவர்கள் மெழுகுவர்த்திப் புகையால் தங்கள் பெயரை எழுதி வைத்திருப்பதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மே மாதத்தில் திறந்திருக்கும். நாங்கள் அங்கேயே சீட்டு வாங்கினோம். காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது. நீங்களும் மருமகனும் ஃபோன் த கோமுக்குப் போகும் நேரத்தில், அம்மா ஊர் நடுவே குன்றின் அடிவாரத்தில் உள்ள தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். குரோமக்னான் மனிதன் என்று பெயர்பெற்ற பழங்கால மனிதனின் எலும்புகள் 1868-இல் ரயில் பாதைப் பணிக்காக மண் வெட்டியபோது கிடைத்ததும் அதே ஊரில்தான்.

கெடிலக்கரை எழுதியது:

குகைகளைப் பற்றி இருவரும் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். கோட்டைகளுக்கு வருகிறேன். லெ ஸெஸியிலிருந்து தெற்கே தொர்தோஞ் ஆற்றுக்குப் போனால், எதிரெதிர்க் கரைகளில் பெய்னாக் கோட்டையும் கஸ்தெல்நோ கோட்டையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரின்போது பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கமும், கஸ்தெல்நோ பெரும்பாலான காலம் ஆங்கிலேயர் பக்கமும் இருந்தன. கடலூர்க்காரனான எனக்கு அங்கே நின்றபோது நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைதான் நினைவுக்கு வந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியிலிருந்து வந்து ஆங்கிலேயரிடமிருந்து அதைப் பிடித்து இடித்ததும், 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கியதும், அந்த ஆற்றங்கரையில் தொடங்கிய பகையின் நெடுந்தூரத் தொடர்ச்சியாகவே எனக்குத் தோன்றின. அங்கே இரண்டு கோட்டைகளும் முழுதாக நிற்கின்றன. நம் பக்கம் கெடிலத்தின் கழிமுகத்தருகே சிதைந்த சுவர்களே மிச்சம். இந்த வேறுபாட்டைப் பேரனுக்குச் சொல்லிக் கொடுங்கள் ஐயா, அவன் மறக்க மாட்டான்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் கஸ்தெல்நோவுக்குப் போங்கள். அதற்குள் இடைக்காலப் போர்க்கருவிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது; மதில்மீது முழு அளவிலான கவண்பொறிகளை நிறுத்தியிருக்கிறார்கள். படிகள் மிகுதி. ஆகவே நீங்கள் மேலே இருக்கும் நேரத்தில் அம்மா லா ரொக் கஜாக் ஊரில் படகில் செல்லலாம். ஆற்றுக்கும் செங்குத்துப் பாறைக்கும் இடையே ஒட்டிவைத்தது போன்ற ஊர் அது. 1957-இல் பாறை சரிந்து மூவர் உயிரிழந்தனர், அந்த வடு இன்னும் பாறை முகத்தில் தெரியும். அங்கிருந்து புறப்படும் தட்டையடிப் படகுகள், முற்காலத்தில் மரக்கட்டைகளையும் பீப்பாய்ப் பலகைகளையும் ஏற்றி ஆற்றோட்டத்தில் கீழே சென்ற சரக்குப் படகுகளின் சாயலில் கட்டப்பட்டவை. உட்கார்ந்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம்.

பேரனையும் மருமகனையும் துடுப்புப் படகில் அனுப்புங்கள். வித்ராக் ஊரில் ஏறி ஆற்றோட்டத்தோடு வந்தால், லா ரொக் கஜாக், கஸ்தெல்நோ, பெய்னாக் மூன்றையும் நீரிலிருந்தே பார்த்துவிடலாம். வாடகைக்கு விடுபவர்களே வேனில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். நீந்தத் தெரிந்திருப்பது கட்டாயம், மிதவைச் சட்டை அவர்களே தருவார்கள். மே மாதத்தில் மழை பெய்து நீர் உயர்ந்திருந்தால் படகை நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகையால் இதை வாரத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்காதீர்கள்.

போர்தோவிலிருந்து வரும் வழியில் காஸ்தியோன் ஊர் இருக்கிறது. 1453-இல் நூறாண்டுப் போரின் கடைசிப் பெரும்போர் நடந்தது அங்கேதான். இறங்கிப் பார்க்க அதிகமில்லை, காரை நிறுத்தி ஒரு காப்பி குடித்தால் போதும்.

லாஸ்பேட்டைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ரூஃபிஞாக் பற்றிப் படித்துக் காட்டியதும் என் மனைவி முகம் மலர்ந்துவிட்டார். இன்னும் இரண்டு விளக்கங்கள் வேண்டும். நாங்கள் சைவம், வெளியே சாப்பிட நேர்ந்தால் என்ன செய்வது? சமதளமாக, எல்லோரும் சேர்ந்து நடக்கக்கூடிய பாதை ஏதும் உண்டா?

ஒதியஞ்சாலை எழுதியது:

ஐயா, உணவு விஷயத்தில் அந்த மாவட்டம் சைவர்களுக்குச் சற்றுக் கடினமானது. வாத்தும் தாராவும்தான் அவர்களின் பெருமை. குறிப்பாக, அருகிலுள்ள சர்லா ஊரின் பெயரால் 'சர்லா உருளைக்கிழங்கு' என்று பூண்டும் கொத்தாகத் தழையும் தூவிப் பொன்னிறமாக ஒரு வறுவல் வரும். பார்த்தால் நம் வீட்டு வறுவல் என்றே நினைப்பீர்கள், ஆனால் அது வாத்துக் கொழுப்பில் அல்லது தாராக் கொழுப்பில் வறுத்தது. எந்தக் கிழங்கானாலும் எதில் வறுத்தது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பண்ணை வீட்டில் சமையலறை இருக்கும் என்பதால் அரிசி, பருப்பு, சாம்பார்ப் பொடி ஆகியவற்றைப் போர்தோவிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். காய்கறிக்குச் சர்லாவின் புதன், சனிச் சந்தை மிக நன்று. பொன்னிறக் கல்லால் கட்டிய பழைய வீடுகளுக்கு நடுவே கூடும் அந்தச் சந்தையே பார்க்க வேண்டிய ஓரிடம். பழைய நகர்ப் பகுதிகளைக் காக்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதலில் புதுப்பிக்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. அக்ரூட் பருப்பு சேர்த்த ரொட்டியும் அக்ரூட் எண்ணெயும் அங்கே வாங்குங்கள்.

நடப்பதற்கு, சர்லாவிலிருந்து பழைய ரயில் தடத்தின் மீது அமைத்த பசுமைப் பாதை இருக்கிறது. தண்டவாளம் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு, வண்டிகளும் வாரா, மிதிவண்டியும் ஓட்டலாம். மரநிழலில் அம்மா விரும்பும் தூரம் நடந்துவிட்டுத் திரும்பலாம். நீங்களும் பேரனும் லெ ஸெஸியைச் சுற்றிக் காட்டுப் பாதைகளில் போவதானால், மரத்திலும் கல்லிலும் தீட்டியிருக்கும் மஞ்சள் கோட்டைப் பின்பற்றுங்கள். அது உள்ளூர்ச் சுற்றுப் பாதை. வெள்ளையும் சிவப்பும் சேர்ந்த கோடு பல நாள் நடக்கும் நெடும்பாதையைக் குறிக்கும். பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. புல்வெளியில் நடந்து வந்த மாலையில், முழங்கால் மடிப்பிலும் காலுறை விளிம்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பேரனுக்குக் கட்டாயம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். அதற்கென்றே சிறிய கொக்கியை எந்த மருந்துக் கடையிலும் விற்கிறார்கள்.